கூரைக்கு மேல் ஒரு கூரை: காந்தோ பள்ளிக்கூடமும் நம் வகுப்பறைகளும்

பள்ளிக்கூடம் ஒன்றைக் கட்ட முனைவோர் முதலில் கணக்கிடுவது அறைகளின் எண்ணிக்கையை; அடுத்து, சதுர அடிக்கு ஆகும் செலவை; அதன் பின்னர் முகப்பின் தோற்றத்தை. பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த அறைக்குள் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்னும் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. எழுந்தாலும், 'மின்விசிறி போட்டுக்கொள்ளலாம்' என்ற விடையோடு அது அடங்கிவிடுகிறது. ஒரு குழந்தை முதல் வகுப்பில் நுழைந்து பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறும் வரை, விழித்திருக்கும் பொழுதின் பெரும்பகுதியைக் கழிப்பது அந்த அறையில்தான். வியர்வையில் புத்தகத்தின் தாள் கையோடு ஒட்டிக்கொள்ளும் இடத்தில் எந்தப் பாடம் மனத்தில் ஒட்டும்?

வளங்குன்றாக் கட்டடக்கலை, ஆற்றல் சிக்கனக் கட்டடம் ஆகிய தொடர்கள் இன்று பொறியாளர்களின் விளம்பரத் தாள்களில்கூட இடம்பெற்றுவிட்டன. அவற்றைக் கேட்டதும் நம் கண்முன் வருபவை கூரைமேல் வரிசையாய் நிற்கும் சூரிய மின்தகடுகளும், விலையுயர்ந்த கண்ணாடிகளும், தானியங்கிக் கருவிகளுமே. இவை எதுவுமின்றி, மின்சாரமே எட்டாத ஒரு கிராமத்தில், உலகம் திரும்பிப் பார்த்த ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டில் உள்ள காந்தோ என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளி அது. 2001-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கட்டட அமைப்பைச் சற்று விரிவாகவே காண விரும்புகிறோம்.

ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பற்றி வாசகர் அறிந்திருப்பர். 1977-இல் நிறுவப்பட்ட அவ்விருது, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் சமூகங்களின் தேவைகளை நிறைவேற்றும் கட்டடங்களுக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை வழங்கப்படுகிறது. 2004ஆம் ஆண்டின் விருது தில்லியில் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் வைத்து அளிக்கப்பட்டது. அவ்வாண்டு விருது பெற்றவற்றுள் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் உண்டு; அலெக்சாந்திரியாவின் புதிய நூலகம் உண்டு. அவற்றின் அருகே, மூன்றே வகுப்பறைகள் கொண்ட காந்தோவின் மண்கல் பள்ளிக்கூடமும் இடம்பெற்றிருந்தது.

அதை வடிவமைத்த தியெபெதோ பிரான்சிஸ் கெரே அவ்வூர்த் தலைவரின் மகன், 1965-இல் பிறந்தவர். ஊரில் பள்ளிக்கூடம் இல்லாததால் ஏழு வயதில் வீட்டைப் பிரிந்து தென்கோதோகோ நகரில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். காந்தோவிலிருந்து பள்ளிக்குச் சென்ற முதல் குழந்தை அவர்தான் என்பர். அங்கே அவர் அமர்ந்த வகுப்பறை சிமெண்டுக் கற்களால் கட்டப்பட்டது. வெளிச்சம் போதாது, காற்றோ அறவே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதனுள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தனர். ஒருநாள் இதைவிட நல்லதாகக் கட்ட வேண்டும் என்ற எண்ணம் அந்தப் புழுக்கத்தில்தான் பிறந்தது என்று பின்னாளில் அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். தச்சுத்தொழில் பயில உதவித்தொகை பெற்று 1985-இல் ஜெர்மனி சென்ற அவர், பின்னர் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவரானார். படிப்பை முடிக்கும் முன்னரே, 1998-இல், நண்பர்களைச் சேர்த்து நிதி திரட்டும் சங்கம் ஒன்றை அமைத்தார். தம் ஊருக்குப் பள்ளி கட்டி முடித்தபோதும் அவர் மாணவர்தான். பட்டம் பெற்றது 2004-இல். உலகின் மிக உயர்ந்த கட்டடக்கலைச் சிறப்பாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு 2022-இல் அவரைத் தேடி வந்தது. அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். மூன்று வகுப்பறைகள் ஒரே நேர்வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமும் உடையது. அறைக்கும் அறைக்கும் இடையே சுவரில்லாத, ஆனால் கூரையுள்ள திறந்தவெளி. பிள்ளைகள் அங்கே விளையாடலாம், பாடமும் நடத்தலாம். சுவர்கள் அவ்வூர் மண்ணில் சிறிதளவு சிமெண்ட் கலந்து, கையால் இயக்கும் அழுத்துபொறியில் அமுக்கி, வெயிலில் உலர்த்திய கற்களால் ஆனவை. சூளை வைக்கவில்லை, ஆகவே அவற்றைச் சுட விறகு தேவைப்படவில்லை. இது சிறிய செய்தியன்று. சிமெண்ட் ஆலையின் உலையில் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டியிருக்கிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழு, எட்டு விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்தே வருகிறது. கட்டடம் ஒன்று திறப்பு விழாவுக்கு முன்பே செலவழித்துவிடும் ஆற்றல் இது. மின்கட்டண இரசீதில் தெரியாததால் இதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுவரைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது கூரை. வெப்ப நாடுகளில் ஓரடுக்குக் கட்டடத்தை வாட்டுவது சுவரில் படும் வெயிலைவிடக் கூரையில் விழும் வெயிலே. உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் அளவுக்கு வெயில் இறங்குகிறது. காந்தோவின் ஒரு வகுப்பறையளவு கூரையை எடுத்துக்கொண்டால், அறுபது மின்னடுப்புகளை ஒருசேர எரியவிட்டதற்கு அது சமம். நாம் வழக்கமாகப் போடும் நான்கைந்து அங்குலக் காங்கிரீட் தளம் இந்த வெப்பத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. மூன்று நான்கு மணி நேரத்தில் அது தளத்தைக் கடந்து கீழே வந்துவிடும். உச்சி வெயிலின் சூடு, பிற்பகல் வகுப்பு நடக்கும் வேளையில் பிள்ளைகளின் தலைமேல் இறங்குவது இதனால்தான். அப்போது மின்விசிறி செய்யும் பணி, தளத்தினடியில் தேங்கிய சூட்டைக் கீழே தள்ளிவிடுவதாகவே முடிகிறது.

கெரே இரண்டு கூரை அமைத்தார். கீழே ஒரு மச்சு: அறையின் குறுக்கே காங்கிரீட் உத்தரங்கள், அவற்றின்மேல் இரும்புக் கம்பிகள், கம்பிகளின்மேல் அதே மண்கற்கள், கலவை பூசாமல், இடையிடையே காற்றுக்கு வழிவிட்டு அடுக்கப்பட்டவை. அதற்கு மேலே, ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, நெளிதகரக் கூரை. கட்டுமானத்துக்குப் பயன்படும் சாதாரணக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த இலேசான சட்டகங்கள் அதைத் தாங்குகின்றன. பாரந்தூக்கி அவ்வூருக்குள் வர வழியில்லை. எனவே கை இரம்பமும் சிறு பற்றவைப்புக் கருவியும் கொண்டு ஊர் இளைஞர்களே செய்யக்கூடிய முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. தகரம் வெயிலில் 60 பாகைக்கும் மேல் கொதிக்கிறது. கொதிக்கட்டும், அதன் நிழல் மச்சின்மீது விழுகிறது. தகரத்துக்கும் மச்சுக்கும் நடுவே சூடேறிய காற்று இலேசாகி விலகி ஓட, அந்த இடத்தை நிரப்ப அறையினுள்ளிருந்து காற்று மச்சின் இடுக்குகள் வழியே மேலேறுகிறது. அறைக்குள் சன்னல்கள் வழியே புதுக்காற்று நுழைகிறது. வெயில் ஏறஏற இந்த ஓட்டமும் விரைகிறது. பகையாக வந்த வெப்பத்தையே விசிறி இழுக்கும் பணியாளாக்கிய இந்த உத்தியில் நகரும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. பழுதாகும் பொருள் இல்லாததால் பழுதுபார்க்கும் செலவும் இல்லை.

காற்றோட்டம் என்பது வெயிலுக்கு மட்டும் மருந்தன்று என்பதையும் இடையே சொல்லிவிடுவோம். சும்மா அமர்ந்திருக்கும் குழந்தையின் உடல்கூட எழுபது, எண்பது வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நாற்பது பேர் அமர்ந்த அறையில், வெயிலே இல்லாவிடினும், மூன்று கிலோவாட் அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அவர்கள் விடும் மூச்சுக்காற்றில் கரியமில வாயு கூடக்கூட மந்தமும் கொட்டாவியும் பெருகும். குளிரூட்டியை ஓடவிட்டுக் கதவையும் சன்னலையும் அடைத்த வகுப்பறையில் உடல் குளிர்ந்தாலும் இந்த மந்தம் நீங்குவதில்லை.

மறுபடியும் காந்தோ. தகரக் கூரை சுவரைத் தாண்டி நெடுந்தூரம் நீண்டிருக்கிறது. அந்த இறவாரம் இரண்டு பணிகளைச் செய்கிறது: சுவரில் வெயில் படாமல் காக்கிறது, மழை படாமலும் காக்கிறது. மண்சுவருக்கு இரண்டாவதே உயிர்நாடி. ஊர் மக்கள் கெரேயிடம் எழுப்பிய தடையும் அதுதான். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னரும் தங்கள் மண்வீடுகளைப் பூசிச் செப்பனிட்டுச் சலித்தவர்கள் அவர்கள். ஐரோப்பாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவன் கண்ணாடியும் காங்கிரீட்டும் கொண்டுவருவான் என எதிர்பார்த்திருக்க, அவன் மறுபடியும் மண்ணைக் கையில் எடுத்தால் ஏமாற்றம் வராதா? மண் என்பது வறுமையின் அடையாளம். சிமெண்ட் என்பது மதிப்பின் அடையாளம். இந்த மனநிலையைப் படிப்பறியாதவர்களின் அறியாமை என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. நம்மிடமும் அதுவே இருக்கிறது; கண்ணாடி முகப்பு என்ற பெயரில் இருக்கிறது.

கெரே விவாதம் செய்யவில்லை. கற்களை அறுத்து, நனைத்து, வலிமை காட்டினார். மாதிரி வளைவு ஒன்றைக் கட்டி அதன்மேல் ஆட்களை ஏறி நிற்கச் செய்தார். வரைபடம் படிக்கத் தெரியாதவர்களுக்கு மணலில் கோடு கிழித்து விளக்கினார். அடித்தளத்துக்கான கற்களைச் சிறுவர்கள் சுமந்து வந்தனர். கல் அறுக்கத் தண்ணீரைப் பெண்கள் கொண்டுவந்தனர். தரையை வழக்கம்போல் அவர்களே சேர்ந்து இடித்து மெழுகினர். தாம் கட்டியதைத் தாமே பழுதுபார்க்கவும் தெரிந்துகொண்டனர். அங்குக் கட்டுமானம் பழகிய இளைஞர்கள் பிறகு வேறு இடங்களில் அத்தொழிலையே பிழைப்பாகக் கொண்டனர். 2004-இல் ஆசிரியர் குடியிருப்புகளும், 2008-இல் கூடுதல் வகுப்பறைகளும் எழுந்தன.

இவ்வழியில் கெரேக்கு முன்னோடி ஒருவர் உண்டு: எகிப்தின் ஹசன் ஃபத்ஹி (1900–1989). அவரைக் குறிப்பிடாமல் இக்கட்டுரை நிறைவுறாது. கெய்ரோவின் பழைய மாளிகைகளில் 'மல்கஃப்' எனப்படும் காற்றுவாங்கிக் கோபுரங்களை அவர் நுணுகி ஆராய்ந்தார். பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த முஹிப்புத்தீன் மண்டபத்தில், கூரைமேல் வடக்கு நோக்கித் திறந்திருக்கும் அத்தகைய வாய் ஒன்று குளிர்ந்த காற்றைப் பிடித்துக் கீழே கூடத்தில் இறக்குகிறது. நடுக்கூடத்தின் உயரமான மேற்பகுதியிலுள்ள துளைகள் வழியே சூடான காற்று வெளியேறுகிறது. மம்லூக் காலக் கட்டட வல்லுநர்கள் வாய்பாடு எழுதி வைக்கவில்லை. ஆனால் காற்றின் இயல்பை அறிந்திருந்தார்கள். 1945-இல் லக்சர் அருகே புதிய குர்னா கிராமத்தை மண்கல்லால் அமைக்கத் தொடங்கிய ஃபத்ஹி, அங்குள்ள பள்ளியில் இதே காற்றுவாங்கியினுள் நனைந்த கரி நிரப்பிய தட்டுகளைச் சாய்வாகப் பொருத்தினார். ஈரக்கரியைத் தழுவி இறங்கிய காற்றால் அறையின் வெப்பம் பத்துப் பாகை குறைந்ததென அவரே பதிவு செய்திருக்கிறார்.

எனினும் குர்னா தோற்றது. பண்டைய கல்லறைகளின்மேல் குடியிருந்த மக்களை அங்கிருந்து அகற்றுவதற்காக அரசு போட்ட திட்டம் அது. மக்கள் கேட்டுப் போட்ட திட்டமன்று. பெரும்பாலோர் குடியேற மறுத்தனர். சில ஆண்டுகளில் பணி நின்றுபோனது. குவிமாடம் அம்மக்களுக்குச் சமாதியை நினைவூட்டியது என்று எழுதியவர்களும் உண்டு. ஃபத்ஹியின் அறிவியலில் பிழையில்லை. கட்டடத்தைப் பயன்படுத்துவோர் அதைத் தம்முடையதாகக் கொள்ளாவிட்டால் எந்தக் காற்றுவாங்கியும் பயனற்றது என்பதற்கு அவ்வூர் சாட்சியாயிற்று. காந்தோவில் கைகூடியது இந்தப் பகுதிதான் என்பது நம் கருத்து. கூரையின் உத்தியைக் காட்டிலும் இதற்கே நாம் கூடுதல் மதிப்பளிக்கிறோம்.

மழை மிகுந்த நாட்டுக்கு மண்சுவர் ஆகுமா எனக் கேட்போருக்கு வங்கதேசத்தின் தினாஜ்பூர் மாவட்டம், ருத்ராபூர் கிராமப் பள்ளி விடை தரும். அன்னா ஹெரிங்கர், ஐக்கே ரோஸ்வாக் ஆகியோர் 2005-இல் கட்டிய அப்பள்ளி 2007-இல் ஆகா கான் விருது பெற்றது. கீழ்த்தளம் வைக்கோல் கலந்து மிதித்த மண்சுவர், மேல்தளம் மூங்கில். செங்கல் அடித்தளமும், நிலத்தின் ஈரம் சுவரில் ஏறாதபடி தடுக்கும் நெகிழித் தாளும், நீண்ட இறவாரமும் அதைக் காக்கின்றன. காலும் தலையும் நனையாவிட்டால் மண்சுவர் நிற்கும்.

இவற்றை நம் ஊர்களோடு எந்த அளவுக்குப் பொருத்திப் பார்க்கலாம்? தென்கோதோகோ வட்டாரமும் நமது கடலூர், பரங்கிப்பேட்டைக் கடற்கரையும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரே தொலைவில், பன்னிரண்டாம் பாகையை ஒட்டி உள்ளன. எனவே காந்தோவின் தலைக்குமேல் சூரியன் செல்லும் பாதையும் பரங்கிப்பேட்டையின் தலைக்குமேல் செல்லும் பாதையும் கிட்டத்தட்ட ஒன்றே. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டிலும் உச்சியில் நேர்செங்குத்தாக நிற்கும். மார்கழியில் தெற்கே சாயும், அப்போதும் நண்பகலில் ஐம்பது பாகைக்கு மேல் உயர்ந்தே நிற்கும். ஆகவே கிழக்கு மேற்காக நீண்டு, வடக்கிலும் தெற்கிலும் சன்னல் வைத்த கட்டடத்துக்கு ஓரிரு முழ இறவாரமே போதிய நிழல் தரும். மேற்கு நோக்கிய சன்னலுக்கு எந்த இறவாரமும் உதவாது. பிற்பகல் வெயில் அதன்வழியே கிடைமட்டமாக உள்ளே பாயும். ஆயினும் சாலை மேற்கே இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பள்ளியின் முழு முகத்தையும் மேற்கே திருப்பிக் கண்ணாடி பதிக்கும் பழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது.

வேறுபாட்டையும் மறைக்கலாகாது. காந்தோவின் கோடை வறண்டது. இரவில் வெப்பம் நன்றாக இறங்கும். பகலெல்லாம் சூட்டை வாங்கிக்கொள்ளும் கனத்த சுவர் இரவில் ஆறிவிடுகிறது. நம் கடற்கரையில் இரவும் புழுங்கும். கனத்த சுவருக்கு ஆறப் பொழுது கிட்டாது. இங்கே சுவரின் கனத்தைவிட ஊடே வீசும் காற்றே முதன்மையானது. ஈரக்கரியும் இங்கு உதவாது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது. திருச்சி, மதுரை போன்ற உள்நாட்டு ஊர்களில் கணக்கு மாறும். ஆனால் கூரைக்கு நிழல் தருவது எங்கும் பயனுள்ளது.

தமிழகத்தில் பள்ளிக் கூரையைப் பற்றிப் பேசும் எவரும் கும்பகோணத்தை மறக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று, ஒரு தனியார் பள்ளியின் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. அது முற்றிலும் சரியே. இயற்கைப் பொருள் என்பதால் மட்டும் எதுவும் பள்ளிக்கு ஏற்றதாகிவிடாது. ஆனால் கீற்று இருந்த இடத்தில் வெறும் தகரமோ கல்நார்த் தகடோ ஏறியபோது, தீயின் அச்சம் நீங்கிற்று; வெப்பம் நீங்கவில்லை. காந்தோவின் கூரையில் எரியக்கூடிய பொருள் எதுவுமில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். தீக்காப்பும் குளிர்ச்சியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

இவ்வேலை அறிந்தவர்கள் நம் நாட்டிலும் உள்ளனர். ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம் அழுத்திய மண்கற்களில் தேர்ந்தது. அங்குள்ள பார்வையாளர் மையம் 1992-இல் ஹசன் ஃபத்ஹியின் பெயரிலான விருதைப் பெற்றது. நம் முன்னோரின் வீடுகளிலும், மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தேக்குக் கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தளம், நடுமுற்றம், திண்ணை ஆகியன இதே அறிவின் எச்சங்களே. ஏற்கெனவே காங்கிரீட் தளம் போட்டுவிட்ட பள்ளிகளும் கைவிடப்பட்டவை அல்ல. தளத்தின்மேல் நான்கடி உயர்த்திக் காற்றுப் புகும்படி ஒரு தகரப் பந்தல் அமைத்தாலே மாடி வகுப்பறை மாறிவிடும். மேல்தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது அதினும் மலிவு. சூரிய மின்தகடுகள் வரட்டும். அவை தரும் நிழலும் நன்றே. ஆனால் அவை இறுதியில் வரவேண்டியவை. மேற்கு வெயிலில் வேகும் அறையைக் குளிர்விக்க மின்தகடு வாங்குவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கிணறு வெட்டுவது போன்றது.

சமுதாயத்தின் பொருளில் எழும் பள்ளிகளுக்கு இதில் தனிக் கவலை இருக்க வேண்டும். கட்டடத்துக்கான நன்கொடையைச் செல்வர் ஒரு முறை தருகிறார். கல்வெட்டில் பெயரும் பொறிக்கப்படுகிறது. அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மாதந்தோறும் வரும் மின்கட்டணம் மாணவர் கட்டணத்தில் ஏறி ஏழைப் பெற்றோரின் மடியிலிருந்து போகிறது. கட்டும்போது அலட்சியத்தால் நேர்ந்த வீண்விரயத்தை அவர்கள் தவணை முறையில் அடைக்கிறார்கள். வரைபடத்தில் கட்டடத்தைத் திருப்பி வைக்கச் செலவு ஏதுமில்லை. அடித்தளம் தோண்டிய மறுநாள் அது இயலாது. எனவே பொறியாளர் கொண்டுவரும் வரைபடத்தில் கையொப்பமிடும் முன்னர், நிர்வாகக் குழுவினர் வடக்குத் திசை எது என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும், சித்திரை மாதத்தில் ஒரு பிற்பகல், நடப்பிலுள்ள ஏதேனும் ஒரு பள்ளியின் மாடி வகுப்பறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு பாடவேளை முழுதும் மாணவர்களோடு உட்கார்ந்திருப்பதும் நன்று.